கூட்டித் தந்த காசு

பிரான்சிஸ்கா கோபக்காரி என்பது பேசாலையில் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மீன் விலை கேட்கப் போனாலே சண்டை பிடித்துவிட்டுத்தான் திரும்புவாள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை வங்கியை விட்டு வெளியே வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசு குறைத்துக் கொடுத்தான், அதற்கும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, நான்கு சுவரும் எழும்பிக் கூரை இல்லாமல் நின்ற அறைக்குள் போய், மேலே இழுத்துக் கட்டியிருந்த நீலத் தறப்பாளை அண்ணாந்து பார்த்தாள். பிறகுதான் வாய் திறந்தது.

"அவனை நான் விடமாட்டன்," என்றாள்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிரான்சிஸ்கா தையற்காரி. ஒருவரிடமும் சம்பளத்துக்குத் தைத்தவள் அல்ல. சொந்த மெசின், சொந்தக் கத்தரிக்கோல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சொந்த வாய். கோயிலில் முதல்நன்மை எடுக்கிற பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைப்பதில் அவளை அடிக்க மன்னார்த் தீவில் ஆள் இல்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மெசினின் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே திரிந்தாள். திரும்பி வந்த பிறகு வீட்டுத்திட்டத்தில் சுவர் எழும்பியது. கடைசித் தவணைக் காசு இரண்டு லட்சம், கூரைக்கென்று அவளுடைய வங்கிப் புத்தகத்தில் வந்து விழுந்தது. ஐப்பசி மழைக்கு முன்னம் கூரைச் சீற் போட்டுவிட வேண்டும் என்று அவளும் புருசன் அந்தோனிமுத்துவும் மரம், ஆணி எல்லாம் விலை விசாரித்து வைத்திருந்தார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு ரெலிபோன் வந்தது. தேன் ஒழுகுகிற குரல். "அக்கா, நான் யாகப்பர் கதைக்கிறன். சுவிசிலை இருக்கிற என்ர அண்ணை தாய்தகப்பன் இல்லாத நாப்பது பிள்ளையளுக்கு முதல்நன்மைச் சட்டை எடுத்துக் குடுக்கப் போறார். நீங்கள்தான் தைக்க வேணும். வேற ஆரும் தைச்சால் அண்ணைக்குப் பிடிக்காது." ஒரு சட்டை இரண்டாயிரத்து ஐந்நூறு என்றாள். சரி என்றான். ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. மன்னாரில் ஆரப்பா பேரம் பேசாமல் சட்டை தைக்கிறான்? அந்த இடத்திலேயே அவள் முழித்திருக்க வேண்டும். முழிக்கவில்லை. சட்டை ஓரத்துக்கு ரேந்தையும் துணியும் கடனுக்கு எடுத்து, கண் எரிய எரியத் தைக்கத் தொடங்கினாள்.

காசோலை தபாலில் வந்தது. ஒரு லட்சத்துக்கு வர வேண்டியது, இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரத்துக்கு வந்திருந்தது. அவள் தடுமாறிப் போய் நிற்க, அவனே ரெலிபோன் எடுத்தான். "அண்ணை எல்லாத்தையும் ஒரே செக்கா எழுதிப்போட்டார், அக்கா. உங்கட லட்சத்தை நீங்கள் எடுங்கோ. மிச்சம் மடு மாதா அம்மாவுக்கு அவர் வச்ச நேர்த்திக்காசு. வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து வாங்கிக்கொண்டு நேரா மடுவுக்குப் போறன்."

பிரான்சிஸ்காவின் தாய்வீட்டில் ஒரு பிடிவாதம் இருந்தது. பிறத்தியாரின் நேர்த்திக்காசு வீட்டில் ஓர் இரவு தங்கக்கூடாது. கைக்கு வந்தால் பொழுதுபடுமுன் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட வேண்டும். ஏன் என்று கேட்டால் மறுமொழி கிடையாது, கேட்டவருக்கு அடிதான் விழும். அந்தப் பிடிவாதத்தில்தான் அவன் கை வைத்தான். கடற்கரைப் பெண்களின் பக்தியை நாடா பிடித்து அளந்து வைத்திருந்திருக்கிறான், நாசமாய்ப் போவான்.

வெள்ளிக்கிழமை மதியம் காசோலையை வங்கியில் போட்டாள். உள்ளே இருந்த பிள்ளை பதவிசாகத்தான் சொன்னது. "அக்கா, புத்தகத்திலை இப்ப விழுந்தாலும் செக் மாறினால்தான் காசு. திங்கட்கிழமை பௌர்ணமி, போயா லீவு. செவ்வாய்தான் தெரியும்." அதற்குப் பிரான்சிஸ்கா என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மாவின்ட காசை செவ்வாய் வரைக்கும் காக்க வைக்கிறதோ? என்ர காசிலை எடுத்துத் தா, பிள்ளை." கூரைக்காசில் ஒரு லட்சத்து எண்பத்தையாயிரத்தை எடுத்துக்கொண்டு, ஏதோ பெரிய புண்ணியம் செய்தவள்போல வீட்டுக்கு வந்தாள்.

பின்னேரம் அவன் வந்தான். கழுத்தில் செபமாலை. மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று கண்ணை மூடினான், இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டான். அவள் பாரை மீன் பொரித்து வைத்துச் சோறு போட்டாள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். செவ்வாய்க்கிழமை காசோலை திரும்பி வந்தது. அந்தக் கணக்கு மூடி மூன்று வருடமாம். அவனுடைய ரெலிபோனும் செத்துப் போயிருந்தது.

போன காசைவிட அந்தப் பாரை மீன்தான் அவளுடைய வயிற்றை எரித்தது. "இரண்டாம் தரம் கேட்டுத் திண்டவன்!" என்று நடுச்சாமத்தில் எழும்பியிருந்து சொல்வாள். அந்தோனிமுத்து சாதுவான மனிசன். "போனது போகட்டும், விடப்பா," என்று ஒருநாள் சொல்லிப்போட்டான். அன்றைக்கு அவனுக்கு வெறுஞ்சோறுதான் கிடைத்தது. மறுபடி அவன் அந்தக் கதையை எடுக்கவில்லை.

பொலிசுக்குப் போனாள். சார்ஜன் நல்ல மாதிரி. கதிரை தந்து இருத்தி, எல்லாவற்றையும் எழுதினார். "ஆள் ஆரெண்டே தெரியேல்லை, எங்கை தேடுறது? கண்டால் உடனை ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ, வாறம். சிலவேளை அவனே காசைத் திருப்பித் தந்தானெண்டால் வாங்கிக்கொண்டு சமாதானமாப் போங்கோ. வாங்கினால் முறைப்பாடு அதோடை முடிஞ்சுது." பிரான்சிஸ்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவள் கலண்டரைக் கழற்றி மடியில் வைத்தாள். வெள்ளிக்கிழமை மதியம். சனி, ஞாயிறு. திங்கள் போயா. செவ்வாய்வரை வங்கி வாய் திறக்காது, அவன் நாடு விட்டு நாடே போகலாம். ஆகவே அடுத்த தடவையும் அவன் நாள் பார்த்துத்தான் வருவான். வருட முடிவுக்குள் லீவு விழுகிற திங்கட்கிழமை இன்னும் இரண்டுதான் இருந்தது. இரண்டுக்கும் முந்தின வெள்ளிக்கிழமைகளைத் துணிக்குக் கோடு போடுகிற சோக்கட்டியால் வட்டமிட்டாள்.

புரட்டாதியில், மன்னார் டவுனில், சுயதொழில் செய்கிற பெண்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். ஊறுகாய் போடுகிறவர்கள், பாய் இழைக்கிறவர்கள், கருவாடு பொதி செய்கிறவர்கள் என்று ஐம்பது அறுபது பேர். கடன் எப்படி எடுப்பது, லேபல் எப்படி ஒட்டுவது என்று ஒரு உத்தியோகத்தர் பேசி முடித்துக் கேள்வி உண்டோ என்றார். பிரான்சிஸ்கா எழும்பினாள்.

"கேள்வி இல்லை. கதை இருக்கு. என்னை ஒருத்தன் பேய்க்காட்டி ஏமாத்திப்போட்டான், கேளுங்கோ." முழுவதையும் சொன்னாள். கண்ணீர், செபமாலை, பாரை மீன், ஒன்றையும் விடவில்லை. சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. எனக்கு வெக்கமில்லை. வெக்கப்பட வேண்டியவன் அவன். நான் சொல்லுறதை மட்டும் எழுதி வச்சுக்கொள்ளுங்கோ. விலைக்கு மேலை கூட்டிச் செக் தந்து, மிச்சத்தைக் கையிலை தா எண்டு கேட்டானெண்டால், அவன் கள்ளன். புத்தகத்திலை விழுந்ததைப் பார்த்து ஏமாறாதேங்கோ. செக் மாறிப்போச்சுதெண்டு வங்கி வாயால சொல்லுமட்டும் ஒரு சதம் குடுக்காதேங்கோ. அப்படி ஒருத்தன் வந்தால் அவனைத் துரத்தவும் வேண்டாம். எனக்கு ரெலிபோன் அடியுங்கோ. இது என்ர நம்பர்."

கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பெண்கள் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அவளைக் கூப்பிட்டார்கள். அவர்களிடமும் காசு எடுத்திருக்கிறான். ஒருத்திக்கு நேர்த்தி, மற்றவளுக்குச் செத்த தாயின் பேரில் திருப்பலி. இரண்டு பேரும் புருசன்மாருக்குக்கூடச் சொல்லவில்லை. பிரான்சிஸ்காவுக்குக் கோபம் இன்னும் இரண்டு முழம் வளர்ந்தது.

வட்டமிட்ட முதலாவது வெள்ளிக்கிழமை சும்மா போனது. இரண்டாவதுக்கு முதல்நாள், வியாழக்கிழமை, ரெலிபோன் அடித்தது. சிலாவத்துறையிலிருந்து உம்மு ஸல்மா. மாசிச் சம்பல் போத்தலில் அடைத்து விற்கிறவள். கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தவள்.

"அக்கா, நானூறு போத்தலுக்கு ஓடர் தந்திருக்கான். அலியார் எண்டு பேர் சொல்லுறான். ஒரு லட்சத்து இருபதினாயிரம் வரவேணும், செக் ரெண்டு லட்சத்து அறுபதுக்கு வந்திருக்கு. மிச்சம் தாய்தகப்பன் இல்லாத யத்தீம் புள்ளையளுக்கு நம்பி ஒப்படைச்ச அமானிதமாம். அமானிதக் காசைக் கையிலை வச்சிருக்கப்படாது ராத்தா, நாளைக்கே வாறன் எண்டு சொல்லுறான்."

பிரான்சிஸ்கா மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். மடு அம்மாவை விட்டு இப்போது அல்லாஹ்வின் பேரில் இறங்கிவிட்டான், பேமானி! "தங்கச்சி, செக்கை நாளைக்கு வங்கியிலை போடு. போட்டிட்டன், காசு ரெடி, வாங்கோ எண்டு அவனுக்குச் சொல்லு. ஒரு சதமும் எடுக்காதை. நான் வாறன்."

"வந்து?"

"வந்து அவனுக்குத் தேத்தண்ணி குடுப்பம்."

வெள்ளிக்கிழமை காலை அவள் சிலாவத்துறை பஸ்ஸில் ஏறியபோது வானம் கறுத்துக் கிடந்தது. அரிப்புக் கிராமத்தைத் தாண்டும்போது காற்று மணலை வாரி ஜன்னலில் அடித்தது. இன்றோ நாளையோ மழை வரும். வீட்டில் தறப்பாளில் நான்கு ஓட்டை இருந்தது அவளுக்குத் தெரியும். அந்தோனிமுத்து இரண்டைத்தான் ஒட்டியிருந்தான்.

உம்மு ஸல்மாவின் வளவு கடலை ஒட்டியது. வாசல் படலைக்குப் பக்கத்தில் அவளுடைய அண்ணன் சரிபுதீன் நானாவும் இன்னும் நான்கு பேரும் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த வலை முழுக்க ஓட்டை என்று ஆரும் பார்த்திருந்தால் நினைத்திருப்பார்கள். அப்படிக் குனிந்த தலை நிமிராமல் பொத்தினார்கள். பிரான்சிஸ்கா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம் மோட்டார் சைக்கிள் வந்தது. தலையில் தொப்பி, முழங்கால்வரை வெள்ளைச் சட்டை, வாயில் ஸலாம். உள்ளே வந்து கதிரையில் இருந்தான். யத்தீம் பிள்ளைகளின் கதையைத் தொடங்கினான். ஒரு பிள்ளைக்குப் போட செருப்பு இல்லையாம். குரல் தழுதழுத்தது. உம்மு ஸல்மா பொறுமைசாலி, கேட்டுக்கொண்டிருந்தாள். பிரான்சிஸ்காவால் முடியவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு திரையை விலக்கி வந்து அவனுக்கு முன்னால் நீட்டினாள்.

"சீனி காணுமோ, யாகப்பர்?"

அவன் கதிரையோடு பின்னுக்கு விழாத குறை. தேத்தண்ணி வெள்ளைச் சட்டையில் சிந்தியது. எழும்பி வாசலுக்குப் பாய்ந்தான். முற்றத்தில் சரிபுதீன், அவன் வண்டியிலேயே விட்டிருந்த மோட்டார் சைக்கிள் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். வலை பொத்தினவர்கள் படலையை மறித்துக் குந்தியிருந்தார்கள். மற்றப் பக்கம் கடல்.

"நீந்தத் தெரியுமோ?" என்று சரிபுதீன் கேட்டான்.

தெரியாதுபோல. அவன் திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தான். தொப்பி கீழே விழுந்து கிடந்தது. உம்மு ஸல்மா அதை எடுத்துத் தட்டி, மரியாதையாக உள்ளே கொண்டுபோய் வைத்தாள். "இது உன்ட தலையிலை இருக்கப்படாது," என்றாள்.

சரிபுதீன் அவனுடைய பேர்சை வாங்கி அடையாள அட்டையைப் பார்த்தான். யாகப்பரும் இல்லை, அலியாரும் இல்லை. சிங்கராசா.

"அக்கா, நானும் ஏமாந்தவன்தான்," என்று தொடங்கினான். "கொழும்பிலை ஒருத்தன் என்னை..."

"பாரை மீன் நல்லா இருந்ததோ?"

"அக்கா..."

"இரண்டாம் தரம் கேட்டு வாங்கினனியெல்லே. கேட்கிறன், நல்லா இருந்ததோ?"

அவன் தேத்தண்ணி சிந்திய சட்டையைத் துடைத்தான். பிறகு பிள்ளைக்கு வருத்தம், காய்ச்சல் என்றான். பிறகு மனிசி விட்டிட்டுப் போய்விட்டாள் என்றான். வருத்தமான பிள்ளையை ஆர் பார்க்கிறது என்று உம்மு ஸல்மா கேட்டாள். சரிபுதீன் பொலிசுக்கு எடுக்க ரெலிபோனைக் கையில் எடுத்ததும் அவன் பொய்யெல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காரியத்துக்கு வந்தான்.

"மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழை பை இருக்கு. எடுத்துப் பாருங்கோ."

சரிபுதீன் எடுத்து வந்து மேசையில் கொட்டினான். காசு. கட்டுக் கட்டாகக் காசு.

"மூண்டு லட்சத்துக்கு மேலை இருக்கு, அக்கா. உங்கட ஒரு லட்சத்து எண்பத்தஞ்சை எடுங்கோ. மிச்சத்தையும் நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு ஒரு சதம் வேண்டாம். திறப்பை மட்டும் தாங்கோ. நான் போறன், இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டன்."

தூரத்தில் இடி உருண்டது. உம்மு ஸல்மா அவளுடைய கையைப் பிடித்தாள். "அக்கா, எடுங்கோ," என்று காதுக்குள் சொன்னாள். "உங்கட காசுதானே. மழை வருது. கூரையைப் போடுங்கோ. அவனை அல்லாஹ் பார்த்துக்கொள்ளுவான்."

பிரான்சிஸ்கா மேசையைப் பார்த்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கு ஆசை வந்தது. சீற்றும் மரமும் ஆணியும் மேசையில் கிடந்தன. நாளைக்கே லொறியில் ஏற்றலாம். அடுத்த கிழமை காய்ந்த அறையில் காலை நீட்டிப் படுக்கலாம். கை தானாகவே மேசைக்குப் போனது. ஒரு கட்டைத் தூக்கினாள்.

அது பழைய சீலைக் கிழிசலால் கட்டியிருந்தது. அடுத்தது தலைமயிர் ரப்பரால். இன்னொன்று பனையோலை ஈர்க்கால், பாய் இழைக்கிறவள் கட்டுகிற முடிச்சு. ஒன்றில் மீன் மணத்தது. ஒன்றும் அவளுடையது இல்லை. எந்தெந்த அடுப்படியிலிருந்து, எந்தெந்தப் பெட்டகத்தின் அடியிலிருந்து எடுத்த காசோ. கட்டை அவிழ்க்கக்கூட இந்த நாய்க்கு நேரம் இருக்கவில்லை.

கட்டை மேசையில் போட்டாள். "இதிலை எவ்வளவு எனக்கு?"

"எல்லாம், அக்கா. எல்லாம் உங்களுக்குத்தான்."

"கூட்டித் தாறாய்."

"ஓம், அக்கா, கூட்டித்தான்..."

"அண்டைக்கும் கூட்டித்தான் தந்தனி." அவள் குனிந்து அவனுடைய முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். "நான் இதை வாங்கினால் என்ன நடக்கும் தெரியுமோ? சார்ஜன் சொன்னவர். முறைப்பாடு முடிஞ்சுது, சமாதானம். நீ இந்தப் படலையாலை சிரிச்சுக்கொண்டு போவாய். அடுத்த போயாவுக்கு முல்லைத்தீவிலையோ மூதூரிலையோ இன்னொருத்தி உனக்குச் சோறு போடுவாள். உனக்கும் எனக்கும் என்னடா சமாதானம்? சரிபுதீன் நானா, பொலிசுக்கு அடியுங்கோ."

அப்போதுதான் அவனுடைய தேன் குரல் கழன்றது. "மூதேவி! உனக்கு இதிலை ஒரு சதம் வராது பார். கோட்டிலை சான்றுச் சாமானாப் பூட்டி வைப்பாங்கள். வழக்குப் பத்து வருசம் இழுக்கும். கூரையில்லாமல் கிடந்து மழையிலை நனையடி!"

"நனையிறன்," என்றாள் பிரான்சிஸ்கா. "உனக்கு அரசாங்கம் நல்ல கூரை தரும். நீ நனையாமல் உள்ளுக்கு இரு. நான் வெளியிலை நனையிறன்."

பொலிஸ் ஜீப் வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவள் அவனுக்கு எதிரே கதிரையைப் போட்டு, கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் கேட்டான். உம்மு ஸல்மா கொடுத்தாள். பிரான்சிஸ்கா என்றால் கொடுத்திருக்க மாட்டாள்.

அவன் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. காசுக் கட்டுகளை எண்ணி, முத்திரை வைத்து, சான்றுப் பொருள் என்று கொண்டுபோனார்கள். எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, வழக்கு முடிய வேண்டும் என்றார்கள். முடிய எவ்வளவு காலம் என்றதற்கு, ஜீப்பில் வந்த சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அன்றிரவே மழை இறங்கியது. வாளி, சட்டி, முதல்நன்மைக்கு மாப்பிசைகிற தாச்சி எல்லாவற்றையும் ஒழுக்குக்குக் கீழே வைத்தார்கள். மெசினுக்கு மேலே இரண்டு சாக்கும் ஒரு குடையும். அந்தோனிமுத்து தறப்பாளின் ஒரு முனையைப் பிடித்தபடி கேட்டான்.

"அவன் காசு முழுக்கத் தந்தவனாம். நீ வாங்கேல்லையாம்."

"ஓம். வாங்கேல்லை."

அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். "நல்லா முழிசினவனோ?" என்று கேட்டான்.

"நீ பார்த்திருக்க வேணுமப்பா," என்று சொல்லிப் பிரான்சிஸ்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு, ஈரப் பாயில், ஆடி மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக விடியும்வரை நித்திரை கொண்டாள்.

வழக்குக் கூப்பிட்ட நாளிலும் மழைதான். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கூப்பிட்ட இரண்டு பேரும், பத்திரிகையில் பார்த்து வந்த வேறு ஆறு பேருமாக, நீதிமன்றத்தின் பின் வாங்கு பெண்களால் நிறைந்திருந்தது. சிங்கராசாவின் சட்டத்தரணி வெளியே வைத்துப் பிரான்சிஸ்காவிடம் மெல்லக் கேட்டார். "அம்மா, உங்கட காசுக்கு மேலை இன்னும் ஐம்பதினாயிரம் தரச் சொல்லுறன். விட்டிடுவமோ?" அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவனைக் குற்றவாளிக் கூட்டில் ஏற்றினார்கள். ஏறினதும் முதலில் அவளைத்தான் கண்டான். கண்டதும் முகத்தை இடப்பக்கம் திருப்பினான். பிரான்சிஸ்கா எழும்பி, நனைந்த சீலையைப் பிழிந்து உதறிக்கொண்டு, இடப்பக்க வாங்கில் போய் இருந்தாள். அவன் வலப்பக்கம் திரும்பினான். அவள் திரும்பவும் எழும்பி வலப்பக்கம் போனாள். பொலிஸ்காரன் ஒருவன், "அம்மா, ஒரு இடத்திலை இருங்கோ," என்றான்.

"நான் இருப்பன், தம்பி," என்றாள் அவள். "அவனை முதலிலை இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கோ."